20க்குக் கீழேதானே?

"லிமோனீன் டிரம் பாதி காலியாகிவிட்டது, மேடம். பெராக்சைடு மதிப்பை இன்னொரு தடவை பார்த்துவிடட்டுமா?"

அவள் கேட்டது இவ்வளவுதான்.

"சான்றிதழில் எவ்வளவு?"

"8."

"20க்குக் கீழேதானே? எடை போடச் சொல்லிவிடு."

மூன்று ஆண்டுகளாகின்றன. என் பதில் தவறு என்று இன்றும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. டி-லிமோனீன் ஆரஞ்சுத் தோலில் இருக்கிற வாசனைப் பொருள்; அது காற்றுப் பட்டு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் காட்டுகிற எண்தான் பெராக்சைடு மதிப்பு. அது லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதனச் சட்டம். அந்த வரம்பும் மூலப்பொருளுக்குத்தான், விற்கிற லோஷனுக்கு அல்ல. எங்களிடம் சான்றிதழ் இருந்தது. அதற்கு ஏழு மாத வயது என்பதையும், அதன் பிறகு டிரம்மை எத்தனை முறை திறந்து மூடினோம் என்பதையும் எழுத, எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது.

புதிதாக வடித்த லிமோனீன் ஏறக்குறைய சாது. காற்றுப் பட்டால்தான் வம்பு. ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு ஹைட்ரோபெராக்சைடாகிறது. தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவது அதுதான். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்துத்தான் வரும், ஆனால் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். லோஷனில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் 'லிமோனீன்' என்று எழுத வேண்டும். எழுதினோம். திருடனுக்குப் பதில் அவன் தகப்பன் பெயரை எழுதிவைத்தது போல.

ஓராண்டு கழித்து, வாங்குபவர் வழியாக ஒரு புகார் வந்தது. ஒரு பெண்ணுக்கு இரண்டு கைகளிலும் அரிப்பும் தடிப்பும். ஒட்டுச் சோதனையில் லிமோனீன் ஹைட்ரோபெராக்சைடுக்குத் தோல் சிவந்திருக்கிறது. அவர் வீட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்திலும் சோப்பிலும்கூட லிமோனீன் இருந்தது. எங்கள் லோஷன்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பதில் கடிதத்தில் நானே அப்படித்தான் எழுதினேன். ஒரு முறை பழகிய ஒவ்வாமை பொதுவாக ஆயுளுக்கும் விடாது என்பதை எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அன்று அவள் கேட்ட பெராக்சைடு சோதனை, அயோடினை வெளியேற்றி தயோசல்ஃபேட்டால் அளக்கிறது. ஒரு மணி நேரம்கூட ஆகாது. அன்று கலவைத் தொட்டி தயாராக இருந்தது, ஆட்கள் காத்திருந்தார்கள். சட்டத்தை அதற்குப் பிறகுதான் நினைத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒருவேளை அப்போதே நினைத்திருக்கலாம்.

அளந்திருந்தால் மட்டும் என்ன தெரிந்திருக்கும்? ரொம்பப் பழசானால் பெராக்சைடே உடைந்து கார்வோனாகவும் வேறு சிலவாகவும் மாறிவிடும். எண் மறுபடி இறங்கும். குறைந்த எண் புதுச் சரக்கையும் காட்டலாம், கெட்டதையும் காட்டலாம். இதை அவளிடம் சொன்னேன். "அப்படியானால் இரண்டு தடவை பார்க்கலாம், மேடம்" என்றாள்.

இப்போதெல்லாம் திறந்த டிரம் ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்காமலே அளந்து, மூடியில் தேதியோடு எழுதிவிடுகிறாள். போன வாரம் ஒன்றில் 14 என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.