துருவோடு மல்லுக்கட்டு

மார்ச் 1, 2025, சனி

சில நாட்களாகக் காரின் அடியில் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் இன்று காது கூசும் அளவுக்கு வந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். பின் சைலன்சரின் மடிப்போரம் அரித்துப்போய், விரல் நுழையும் ஓட்டை. தட்டினால் உள்ளே உதிர்ந்த தகட்டுத் துண்டுகள் கலகலக்கின்றன. நடுக்குழாயை ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்தியதும் முனை உள்ளே இறங்கிவிட்டது.

ஓட்டையை அடைக்கப் பசையும் பட்டையும் விற்கிறார்கள். காகிதமாகிவிட்ட தகட்டில் எதை ஒட்டினாலும் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் மாற்றுவதென்று முடிவு செய்தேன். அதுவரை வண்டியை எடுப்பதில்லை. தரைக்கு அடியில் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்துச் சமாளிக்கலாம் என்பது அசட்டுத் துணிச்சல்.

மார்ச் 4, செவ்வாய்

"மழையில் நனைந்ததே இல்லையே, எப்படி அண்ணா இவ்வளவு துரு?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் முழுவதும் சூடேறி, ஆவி வெளியேறிவிடும். நாலு தெரு தாண்டி உடனே திரும்பும் வண்டியில் அது குளிர்ந்து, புகையிலுள்ள அமிலங்களையும் கரைத்துக்கொண்டு சைலன்சரில் தேங்கிவிடுகிறது. அரிப்பு உள்ளிருந்து கிளம்புவது இப்படித்தான். சைலன்சரின் அடியில் உள்ள சிறு துளை அந்தத் தண்ணீர் வடிவதற்கானது. பழுதென்று எண்ணி அதை அடைத்துவிடும் புண்ணியவான்களும் உண்டு!

கசிவு பின்பக்கம் வந்ததும் ஒருவகையில் நல்லதே. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் என்று அளக்கும் சென்சாருக்கு முன்னால் வந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் ஏமாந்துபோகும், எஞ்சினின் கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டிவிடும்.

மார்ச் 7, வெள்ளி

பாகங்கள் வந்துவிட்டன. பழைய நட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டேன். இரவெல்லாம் ஊறட்டும்.

மார்ச் 8, சனி

கழற்றுவதுதான் வேலை, மாட்டுவது வெறும் சடங்கு.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தாங்கிகளில் உட்காரவைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவனுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. கண்ணாடி அணியாமலும் படுக்கக் கூடாது. அண்ணாந்து பார்க்கும் கண்ணில்தான் துருத்தூள் நேராக விழும்.

கன்வெர்ட்டர் பக்கத்து நட்டுகளில் ஒன்று ஊறிய எண்ணெய்க்கு மசிந்தது. மற்றொன்றின் மூலைகள் மழுங்கியிருந்ததால் ஸ்பானர் வழுக்கியது. அதன் ஒரு பக்கத்தை மட்டும், உள்ளிருக்கும் மரைக்குப் படாமல், அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்தேன். சுவர் மெலிந்ததும் உளியை வைத்து ஒரே தட்டு. நட்டு வாய் பிளந்தது, மரை தப்பியது. அவசரப்பட்டு முறுக்கியிருந்தால் ஸ்டட், அதாவது நட்டு ஏறியிருக்கும் மரைக்கம்பி, ஒடிந்திருக்கும், பிறகு துளைபோட்டு எடுக்கும் தொல்லை.

நடுக்குழாயை இரண்டாக அறுத்தே இறக்கினேன். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் என்பதால் தீப்பொறி பறக்கும் இயந்திரம் வேண்டாமென்று கைரம்பத்தாலேயே அறுத்தேன். நேரம் போனால் போகட்டும். தொங்கு ரப்பர்கள் சோப்புத் தண்ணீர் பட்டதும் சொன்னபடி கேட்டன.

மார்ச் 9, ஞாயிறு

முன்னிருந்து பின்னாக எல்லாவற்றையும் தளர்வாக மாட்டினேன். புதிய ரப்பர், இணைப்பில் கசியாமல் அடைக்கும் புதிய கேஸ்கெட். "ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே போகலாமே அண்ணா" என்றான் தம்பி. போகலாம். ஆனால் முதல் இணைப்பில் வரும் இம்மிக் கோணல், வால்குழாய்க்கு வரும்போது பம்பரைத் தொடும் அளவுக்குப் பெருகிவிடும். முழு நீளமும் தொங்கி, எதிலும் உரசாமல் நின்ற பிறகே முன்பக்கத்திலிருந்து முறுக்கினோம்.

எஞ்சின் சூடேறும் முன்பே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். தம்பி வால்குழாய் வாயைத் தடித்த துணியால் ஒரு கணம் மூடினான். நடு இணைப்பில் குமிழி. கால் சுற்று முறுக்கியதும் நின்றது. சிறிது நேரத்தில் புதுக் குழாயிலிருந்து புகை எழுந்ததைக் கண்டு அவன் பதறினான். குழாயின் மேல் பூசியிருந்த எண்ணெய் எரிவதுதான்; தானாக அடங்கிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

சூடாகிக் குளிர்ந்ததில் நட்டுகள் சற்றுத் தளர்ந்திருந்தன, மீண்டும் இறுக்கினேன். உறுமல் போனதும் இதுவரை அமுங்கிக் கிடந்த சத்தங்கள் வெளியே வருகின்றன. வெப்பத் தடுப்புத் தகடு ஒன்று, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது கிணுகிணுக்கிறது. அதன் போல்ட்டிலும் துரு. எண்ணெய் அடித்து வைத்திருக்கிறேன்.