சுளுக்கு என்றுதான் நினைத்தோம்

தம்பிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சென்னையிலிருந்து விருதுநகர் வந்திருந்தான். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சுளுக்கு எடுக்கிற பாட்டி வந்து விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டுப் போனாள். காய்ச்சலுக்கு அம்மா ஒரு பாரசிட்டமால் கொடுத்தாள். காய்ச்சல் வேறு, கழுத்து வேறு என்பதுதான் எங்கள் கணக்கு.

சாயங்காலம், "லைட்டை அணைச்சிரு அக்கா, கண்ணு கூசுது" என்றான். தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றான். இரண்டு தடவை வாந்தி. ராத்திரி பத்து மணிக்கு என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது. 108-ஐக் கூப்பிட்டோம்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார். தாடை நெஞ்சுக்கு வரவே இல்லை, கழுத்து பலகை மாதிரி நின்றது. தூக்கத் தூக்க அவன் முழங்கால் இரண்டும் தானாக மடங்கி மேலே வந்தன. அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

"காதில் சீழ் வடியுமா?" என்று கேட்டார். வடியும். சின்ன வயதிலிருந்தே இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிகிறவன். அங்கிருந்துகூட கிருமி மூளையைச் சுற்றியுள்ள உறைக்குப் போகும் என்றார். மெனிஞ்சைட்டிஸ், நாம் மூளைக்காய்ச்சல் என்கிறோமே, அந்த வகைதான்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கையெழுத்து கேட்டார்கள். "இடுப்பு விழுந்துரும், போடாத" என்று பெரியப்பா குறுக்கே நின்றார். அரை மணி நேரம் சண்டை. தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழேதான் இறங்கும் என்று டாக்டர் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். நல்லவேளை, எங்கள் சண்டைக்காக அவர் காத்திருக்கவில்லை. ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக்கை ஏற்றிவிட்டிருந்தார். தெளிந்த தண்ணீர் போல இருக்க வேண்டிய முதுகுத்தண்டு நீர், அரிசி களைந்த தண்ணீர் போல வந்தது.

கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: அதுகளுக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். பால் குடிக்காது, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கும், வீறிட்டு அழும், உச்சிக்குழி புடைத்திருக்கும். உடம்பில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். புள்ளியே இல்லை என்பதற்காகவும் இருந்துவிடாதீர்கள். தம்பிக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை.

14 நாள் ஊசி. பிழைத்துவிட்டான். இடது காது மட்டும் சுத்தமாகக் கேட்பதில்லை, வலது பக்கம் நின்றுதான் பேச வேண்டும்.

அம்மா போய்ச் சொல்லிவிட்டு வந்ததிலிருந்து, சுளுக்குப் பாட்டி யார் கழுத்தைத் தொடுவதற்கு முன்னாலும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாளாம்.