எட்டு வாரம், ஒரு தராசு: கொழும்புச் சமையலறையில் நாளுக்கு 400 கிராம்

நான்கு பேர் சாப்பிடும் வீடு. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை போன்ற மாப்பொருள் நிறைந்த கிழங்குகள் இந்தக் கணக்கில் சேராது. எட்டு வாரம் விடாமல் இந்த அளவைப் பிடிக்க முடிகிறதா, முடியாத நாளில் எங்கே தவறுகிறது என்று சமையலறைத் தராசை வைத்துப் பார்த்த குறிப்பு இது. சாப்பிட மனமில்லாமல் அளவு குறைந்த நாட்கள் மிகச் சில. மாலை ஏழு மணிக்கு மண்ணோடு கட்டாகக் கிடக்கும் வல்லாரையைப் பார்த்துக் கை ஓய்ந்த நாட்கள்தான் அதிகம். ஆகவே குறிப்பில் பெரும்பகுதி கழுவுவதையும் காயவைப்பதையும் பற்றியதாக இருக்கும்.

முதலாம் வாரம்: எதையும் மாற்றாமல் நிறுத்தல்

சாப்பாட்டை மாற்றவில்லை, எடையை மட்டும் எழுதினோம். தோல், காம்பு, விதை நீக்கிய பச்சை எடைதான் கணக்கு. சமைத்த பிறகு நிறுத்தால் ஏமாந்துபோவோம்: ஒரு பெரிய கட்டு பொன்னாங்காணி தாச்சியில் போட்டு இரண்டு நிமிடத்தில் ஒரு கைப்பிடியாகிவிடும்.

இந்த வாரம் பிடிபட்ட பெரிய பிழை எண்ணிக்கையில் இருந்தது. சோற்றுக்கு உருளைக்கிழங்குக் கறி, பருப்பு, அப்பளம், ஒரு சம்பல் என்று நான்கு வகை வைத்தால் "மரக்கறிச் சாப்பாடு" என்கிறோம். அதில் கணக்கில் வரக்கூடியது சம்பலில் கிடக்கும் வெங்காயம் மட்டும்தான். ஈரப்பலாக்காயும் முற்றிய பலாக்காயும் மாப்பொருள் நிறைந்தவை என்பதால் அவற்றைச் சோற்றோடு சேர்த்தோம். பிஞ்சுப் பலாவை மரக்கறியாக எடுத்தோம். கடையில் வாங்கும் மதியச் சோற்றுப் பார்சலும் இதே கதைதான்: சோறு மலைபோல், மரக்கறி இரண்டு மூன்று கரண்டி. பார்சல் கட்டும்போதே "சோறு பாதி போதும், சுண்டல் இரண்டு மடங்கு போடுங்கோ" என்று (சுண்டல் என்பது தேங்காய்ப்பூ, அதாவது துருவிய தேங்காய், சேர்த்து வதக்கிய மரக்கறி) கேட்டால் பெரும்பாலான கடைகளில் மறுப்பதில்லை.

இரண்டாம் வாரம்: எவ்வளவு வாங்குவது

400 கிராமை 240 கிராம் மரக்கறி, 160 கிராம் பழம் என்று பிரித்தோம். 80 கிராமை ஒரு பங்காக வைத்தால் மூன்று பங்கு மரக்கறி, இரண்டு பங்கு பழம். நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு 6.7 கிலோ மரக்கறி, 4.5 கிலோ பழம். இது உண்ணக்கூடிய பகுதியின் எடை. கழிவு தனி. அன்னாசியில் ஏறக்குறையப் பாதி போய்விடும், வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்கு தோல், பப்பாசியிலும் தோலும் விதையுமாக அதே அளவு போகும். கரட்டிலும் போஞ்சியிலும் கழிவு மிகக் குறைவு. எல்லாம் சேர்த்தால் வாரத்துக்குச் சுமார் 15 கிலோ வாங்க வேண்டும். 15 கிலோவை ஒரே நாளில் வாங்குவதுதான் இரண்டாவது பிழை. பாதி அழுகும்.

ஞாயிறும் புதனும் என்று இரண்டாகப் பிரித்ததும் சரியாகிவிட்டது. வெள்ளவத்தைச் சந்தையிலோ நாரஹேன்பிட்டியிலோ காலையிலேயே போனால் கீரை வாடியிருக்காது. பேலியகொடை மொத்தச் சந்தையில் விலை குறைவுதான், ஆனால் நான்கு பேர் வீட்டுக்கு அங்கிருந்து கோவாவும் பூசணியும் தாங்கும். கீரையை அந்த அளவில் வாங்கினால் தாங்காது. சமைக்கும் வரிசையும் வாங்கிய நாளிலேயே முடிவாகிவிட வேண்டும்: முதல் இரண்டு நாள் கீரை, அடுத்து வெண்டிக்காய், பயிற்றங்காய், புடலங்காய். கரட், பீட்ரூட், கோவா, பூசணி கடைசிக்கு.

மூன்றாம், நான்காம் வாரம்: வல்லாரை

இரண்டு வாரம் ஒரே கீரையோடு போனது. அது வீணில்லை, இந்தக் கீரை கைக்கு வந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

வல்லாரை ஈர நிலத்தில் தரையோடு படர்வது. மண், சிறு நத்தை, சில வேளை அட்டை எல்லாம் கட்டோடு வரும். பச்சையாகவே சாப்பிடுவதால் கழுவுவதில் குறை வைக்கக் கூடாது. கட்டை அவிழ்த்துப் பத்திரிகைத் தாளில் பரப்பி, மஞ்சள் இலையையும் வேர் ஒட்டிய அடிக்காம்பையும் கிள்ளி எறியுங்கள். பெரிய பேசினில் தண்ணீர் நிறைய எடுத்துக் கீரையை அமிழ்த்தி அலசி, கீரையைக் கையால் மேலே தூக்கி எடுக்க வேண்டும். பலரும் பேசினைச் சரித்துத் தண்ணீரை வடிப்பார்கள். அடியில் படிந்த மணல் அப்படியே திரும்பக் கீரைமேல் விழும். பல்லில் நறநறவென்று மணல் கடிபட்டால் காரணம் இதுதான். தண்ணீர் தெளிவாகும்வரை, குறைந்தது மூன்று முறை. பிறகு இரண்டு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் நத்தையும் அட்டையும் கழன்று விழும். உப்புத் தண்ணீர் கிருமியைக் கொல்லும் என்று நம்பி அதோடு நிறுத்திவிட வேண்டாம். ஓடும் தண்ணீரில் மறுபடி அலசி, கடைசி அலசலைக் கொதித்தாறிய நீரில் முடிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பச்சைச் சம்பலைத் தவிர்த்து, வதக்கிய சுண்டலாகக் கொடுப்பது பாதுகாப்பு.

வைத்தெடுப்பதை மூன்று விதமாகச் செய்து பார்த்தோம். கழுவி ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டி பிரிட்ஜில் வைத்தது இரண்டாம் நாளே வழவழத்தது. கழுவாமல் பத்திரிகைத் தாளில் சுற்றியது மூன்றாம் நாள்வரை நின்றது, ஆனால் கழுவும் வேலை மாலைக்கே மிஞ்சியது. கழுவி, பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழ் அரை மணி நேரம் உலரவிட்டு, அடியிலும் மேலிலும் துணி போட்ட மூடிய பெட்டியில் வைத்தது நான்காம் நாளும் பச்சையாக இருந்தது. மூன்றாவது முறையைப் பிடித்த வாரத்தில்தான் கீரை எல்லா நாளும் தட்டுக்கு வந்தது. கொழும்பின் புழுக்கத்தில் அரை மணி போதாமல் போனால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். விரலில் ஈரம் ஒட்டக் கூடாது.

சம்பலுக்கு அளவு: நறுக்கிய வல்லாரை 100 கிராம், தேங்காய்ப்பூ 40 கிராம், சின்ன வெங்காயம் 30 கிராம், பச்சை மிளகாய் ஒன்று, உப்பு கால் தேக்கரண்டி, அரைத் தேசிக்காயின் புளி. விருப்பமானால் இடித்த மாசிக் கருவாடு ஒரு தேக்கரண்டி. கீரையைச் சுருட்டி இறுக்கிப் பிடித்து, கூரான கத்தியால் நூல்போல் அரிய வேண்டும். மொட்டைக் கத்தி இலையை நசுக்கும். சாறு கசிந்து கசப்புத் தூக்கும். உப்பையும் புளியையும் சோறு போட்ட பிறகே சேருங்கள். உப்பு முன்கூட்டி விழுந்தால் நீர் இறங்கிச் சம்பல் தொங்கிவிடும். புளி விழுந்தால் பச்சையம் சிதைந்து பத்து இருபது நிமிடத்தில் நிறம் பழுப்புப் பச்சையாகும். அந்தப் புளிக்கு இன்னொரு வேலையும் உண்டு: கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்ச உயிர்ச்சத்து சி உதவுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ அதற்கு நேர் எதிர் வேலை செய்யும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது இந்த எட்டு வாரத்தில் செலவே இல்லாத மாற்றம்.

ஐந்தாம் வாரம்: சுண்டல்

கொழும்பில் சுண்டல், யாழ்ப்பாணத்தில் வறை. கோவா, கரட், பயிற்றங்காய், பொன்னாங்காணி, முருங்கை இலை எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். 300 கிராம் மரக்கறிக்கு எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, தேங்காய்ப்பூ 50 கிராம். தாச்சி நன்றாகக் காய்ந்த பிறகு கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை. பின் மரக்கறி, மஞ்சள். உப்பும் தேங்காய்ப்பூவும் கடைசி ஒரு நிமிடத்துக்கு. கீரைக்குப் பெருந்தீயில் இரண்டு நிமிடம், கோவாவுக்கு நான்கு. மூடக் கூடாது: மூடினால் கீரையிலிருந்து வரும் அமில ஆவி உள்ளேயே நின்று பச்சை நிறத்தைக் கெடுக்கும், நீரும் விடும். தாச்சி கொள்ளாமல் அரைக் கிலோவைத் திணித்தாலும் அது வதங்காது, அவிந்துபோகும். இரண்டு தடவையாகச் செய்யுங்கள். தேங்காய்ப்பூவைக் கூடாது என்று முற்றாக நிறுத்தியவர்கள் உண்டு. கரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டீன் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும் என்பதால் இந்த 50 கிராமை விட்டுவிடுவது சரியில்லை.

இந்த வாரம் வயிறு ஊதல் முறைப்பாடு வந்தது. நாளுக்கு 200 கிராமில் இருந்து ஒரே தாவாக 400க்குப் போனதன் விளைவு. நார்ச்சத்துக் கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும், குடலுக்கும் பழக நாள் வேண்டும். வாரத்துக்கு 50 கிராம் கணக்கில் ஏற்றியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் அப்படியே செய்யுங்கள்.

ஆறாம் வாரம்: நாலு மணிப் பழம்

சாப்பாட்டுக்குப் பின் பழம் என்று வைத்தபோது வயிறு நிறைந்து பழம் மிஞ்சியது. நாலு மணிக்கு மாற்றியதும் மிஞ்சவில்லை, ரோல்ஸும் பட்டீஸும் தானாகக் குறைந்தன. ஒரே நிபந்தனை, பழம் அந்த நேரத்தில் வெட்டியபடி கண்ணில் பட வேண்டும். முழுப் பப்பாசியை யாரும் நாலு மணிக்கு வெட்டுவதில்லை.

பப்பாசியை மஞ்சள் கோடு விழுந்த நிலையில் வாங்கித் தாளில் சுற்றி வெளியே வையுங்கள். கொழும்பு வெக்கையில் இரண்டு நாளில் பழுக்கும். வெட்டியதை மூடிய பெட்டியில் போட்டு பிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும். வாழைப்பழத்தில் ஒரு சீப்பு பழமாகவும் இன்னொன்று காயாகவும் வாங்கினால் வாரம் ஓடும். கதலி போதும், கோழிக்கூட்டு விலை அதிகம். வாழைக்குக் குளிர் ஆகாது, பிரிட்ஜில் தோல் கறுத்துப்போகும். வாழை, பப்பாசி, மாம்பழம் பழுக்கும்போது எதிலீன் வாயு விடும். கீரைப் பெட்டியை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் இலை மஞ்சளிக்கும்.

கொய்யா, அன்னாசி, அம்பரெல்லாவுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொடும் பழக்கம் நம்மிடம் ஆழமானது. நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பதை நினைத்து, மிளகாய்த்தூளோடு தேசிக்காய்ப் புளி மட்டும் சேர்த்துப் பாருங்கள். நாக்குக்கு உப்பின் குறை பெரிதாகத் தெரியாது. பழத்தை ஜூஸாக்கினால் நார் சக்கையோடு போகும், சீனியும் விழும். அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் பொட்டாசியத்தை மட்டுப்படுத்த வேண்டியிருக்கும். அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது, காமரங்காயை (நட்சத்திரப் பழம்) அறவே தொடக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரின் மருந்து எடுப்பவர்கள் கீரையை ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லாமல் என்று சாப்பிட்டால் மருந்தின் வேலை குழம்பும். கீரையில் உயிர்ச்சத்து கே அதிகம். அளவை மாற்றும் முன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஏழாம், எட்டாம் வாரம்: மழை

அடைமழை பிடித்ததும் கீரைக்கட்டு சிறுத்தது, விலை ஏறியது, வந்ததும் பாதி அழுகலாக இருந்தது. இலையைக் குறைத்துப் பூசணி, புடலங்காய், வாழைப்பூ, பிஞ்சுப் பலா பக்கம் போனோம். அளவு குறையவில்லை.

கூடவே பொன்னாங்காணியின் முற்றிய தண்டுகளை எறியாமல், ஆறு அங்குலத் துண்டுகளாக, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி பல்கனித் தொட்டியில் நட்டோம். ஒரு வாரத்துக்குள் துளிர் வந்தது. வெயில் நாளுக்கு நாலைந்து மணி நேரமாவது வேண்டும். நிழலில் தண்டு நீண்டு இலை சிறுக்கிறது. முதல் பறிப்புக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். தொட்டிக்குக் கீழுள்ள தட்டில் மழைத் தண்ணீர் தேங்குகிறது. டெங்கு நுளம்பு பெருக அது போதும் என்பதால் வாரத்துக்கு இரண்டு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம்.