ஒற்றைக் கண்

ஜூன் 4
ஒரு கண்ணில் கட்டு. தம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேசையில் விழுந்தது. மூன்றாவது முறை.

ஜூன் 6
ஒரு மணி நேரம்தான் படிக்கலாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்த ஒரு மணி நேரமும் இத்தாலிய ஓவியர் மசாச்சோவின் 'திரித்துவம்' படத்துக்கே போனது. ஃபிளாரன்ஸில் சாண்டா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரில் 1427 வாக்கில் வரைந்தது. சுவரைக் குடைந்து உள்ளே ஓர் அறை கட்டியதுபோல் இருக்கிறது. வளைந்த கூரையின் கட்டங்கள் உள்ளே போகப் போகச் சிறுக்கின்றன. அந்தக் கோடுகளை நீட்டினால் சிலுவையின் அடியில், ஏறக்குறைய நம் கண் மட்டத்தில், ஒரே புள்ளியில் சேரும். சாந்து காய்வதற்குள் கோடு கீறிவைத்து வரைந்திருக்கிறார். கீறல்கள் இன்னும் இருக்கின்றன. மறு வருடமே இறந்துபோனார், சின்ன வயது.

ஜூன் 7
தூக்கமில்லை. வலி இல்லை, பயம்தான்.

ஜூன் 9
கடைசிப் படி எங்கே என்று தெரியாமல் காலால் துழாவினேன். அப்புறம் நாள் முழுக்க ஃபிளாரன்ஸின் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி நினைப்பு. ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் வாசலுக்குள் நின்று, எதிரே இருக்கும் திருமுழுக்குக் கூடத்தைச் சின்னப் பலகையில் வரைந்தார். பலகையில் ஒரு துளை. ஓவியம் இருக்கும் பக்கம் பருப்பு அளவு, பின்பக்கம் அகலம். பின்னாலிருந்து துளையில் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தைப் பார்க்க வேண்டும். வானத்தை அவர் வரையவில்லை. மெருகேற்றிய வெள்ளியைப் பதித்தார், நிஜ மேகங்கள் அதில் நகரும்படி.

துளையில் வைப்பது ஒரு கண்தான்! இரண்டு கண்ணும் சேர்ந்தால் பலகை தட்டை என்று கண்டுபிடித்துவிடும். தட்டையான படத்தில் ஆழம் காட்ட 1435-இல் ஆல்பெர்ட்டி என்ற அறிஞர் எழுதிவைத்த முறையும் அசையாத ஒரு கண்ணை வைத்துத்தான். மசாச்சோவின் அறை எனக்கு ஏன் இவ்வளவு ஆழமாகத் திறந்தது என்று இப்போது புரிகிறது.

புரிந்து என்ன, படி தெரியவில்லையே.

ஜூன் 10
இரண்டு கண்ணுக்குத் தெரியும் புடைப்பை ஓவியத்தால் எட்டவே முடியாது, ஒரு கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்று லியோனார்டோ குறித்து வைத்திருக்கிறார். தூரத்து மலைக்கு நீலம் கூட்டி, விளிம்புகளைக் கரைத்து, அவ்வளவு ஆழம் காட்டியவர் சொல்கிறார். படித்துவிட்டு அழுதேன். கட்டு நனையும் என்று அக்கா திட்டினாள்.

ஜூன் 11
தம்ளர் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டு ஊற்றினேன். சிந்தவில்லை.

ஜூன் 12
நாளை கட்டைப் பிரிக்கிறார்கள். ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டினாற்போல் மலை. மலை நீலமாக இருக்கிறது. அதை வைத்துத்தான் அது தூரம் என்று தெரிகிறது.

ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள்.