பீமிஷ் போறீங்களா? பக்கத்துலயே வீடு எடுத்துத் தங்குங்க

இங்கிலாந்தோட வடகிழக்குல, டர்ஹம் கவுண்டில ஸ்டான்லிங்கற ஊர் பக்கத்துல இருக்கு பீமிஷ் மியூசியம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழைய சாமான அடுக்கி வெச்ச மியூசியம் இல்ல இது, 350 ஏக்கர் திறந்த வெளில தெரு, கடை, சுரங்கம், பண்ணை, ரயில் ஸ்டேஷன்னு ஊரையே கட்டி, அந்தக் காலத்து உடுப்புல ஆளுங்க வேலை பாத்துட்டே நம்மகிட்ட பேசுவாங்க. பெரும்பாலானவங்க காலையில வந்து சாயங்காலம் கிளம்பிடறாங்க, எனக்கு அது மனசே ஒப்பல. டிக்கெட் ஒரு தடவை வாங்கினா ஒரு வருஷத்துக்கு சாதாரண நாட்கள்ல எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம், அப்புறம் எதுக்கு ஒரே நாள்ல ஓடி ஓடிப் பாக்கணும்? அதனால பக்கத்துல கிச்சனோட ஒரு சின்ன கல்வீடு எடுத்தோம், நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேர், ஊர்ல இருந்து வந்திருந்த அத்தை (வீட்டுக்காரரோட அம்மா).

வீடு பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல, சுத்தமா இருந்துச்சு, ஹீட்டிங் நல்லா இருந்துச்சு. நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு விஷயம் மட்டும். இந்த மாதிரி வீடுங்கள்ல ஃப்ரையிங் பேன் நாலு இருக்கும், சோறு வடிக்கிற அளவுக்குப் பாத்திரம் இருக்காது, குக்கரக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. தாளிக்கறதுக்கு முன்னாடி ஜன்னலத் திறந்துடுங்க, ஸ்மோக் அலாரம் மிளகாய் வாசனைக்கே கத்தும். மளிகைக்கு ஸ்டான்லில சூப்பர்மார்க்கெட் இருக்கு. காலையில சோறு கட்டி எடுத்துட்டுப் போய் உள்ள பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டு, பசங்க சோர்ந்ததும் வீட்டுக்கு வந்து தூங்கி மறுபடி போறது, இதுக்குதான் பக்கத்துல தங்கணும்னு சொல்றேன்.

உள்ள எல்லாரும் முதல்ல டிராம்ல ஏறி 1900கள்ல இருந்த மாதிரி கட்டின டவுனுக்குத்தான் போறாங்க. அங்க கோஆப் (கூட்டுறவு) கடை பாருங்க, ஆன்ஃபீல்ட் ப்ளெய்ன்ங்கற பக்கத்து ஊர்ல நிஜமாவே இருந்த கடையப் பிரிச்சு கொண்டுவந்து இங்க நிறுத்தியிருக்காங்க. கல்லாவுக்குக் காசு தலைக்கு மேல இருக்கற தடத்துல ஓடிப் போய் மீதிச் சில்லறை திரும்பி வரும், என் பையன் அத விட்டு நகரவே மாட்டேன்னுட்டான். பல் டாக்டர் வீட்டுல ஒரு அம்மா சொன்னாங்க, அந்தக் காலத்துல கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணுக்கு பல்லெல்லாம் பிடுங்கி செட் பல் வெச்சுக் குடுக்கறதும் உண்டாம், பின்னாடி புருஷனுக்கு வைத்தியச் செலவு வரக்கூடாதுன்னு. கேட்டதுல இருந்து என் பொண்ணு ரெண்டு வேளையும் சொல்லாமலே பல் விளக்குறா.

ஆனா நாங்க திரும்பத் திரும்பப் போனது சுரங்கத் தொழிலாளிங்க குடியிருப்புக்குத்தான். அங்க இருக்கற வரிசை வீடுங்க ஹெட்டன்-லீ-ஹோல்ங்கற சுரங்க ஊர்ல இருந்து வந்தது. வாசல் தாண்டினதும் சுவரோட பெரிய இரும்பு அடுப்பு, நிலக்கரி எரிஞ்சுட்டே இருக்கு, ஒரு பக்கம் ரொட்டி வேகற ஓவன், கொடில துணி, கீழ பழைய துணியக் கிழிச்சுக் கிழிச்சுக் குத்திச் செஞ்ச கால்மிதி. அத்தை நேரா அடுப்புகிட்ட போய் நின்னுட்டாங்க. "இத எப்பம்மா அணைப்பீங்கன்னு கேளு" ன்னாங்க, அங்க வேஷம் போட்டு நின்ன அம்மாகிட்ட நான் கேட்டேன். அணைக்கறதே இல்லையாம், கோடையில கூட. சுடுதண்ணி, சமையல், குளிர் எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான். அப்பா ஒரு ஷிஃப்ட், மூத்த பையன் ஒரு ஷிஃப்ட், சின்னவன் இன்னொரு ஷிஃப்ட், ஒவ்வொருத்தரும் கரி அப்பின உடம்போட வரும்போது வீட்டுக்காரி தகரத் தொட்டிய அடுப்பு முன்னாடி இழுத்துப் போட்டு சுடுதண்ணி ஊத்தணும், சாப்பாடு வைக்கணும், அழுக்குத் துணியத் தட்டிக் காயப்போடணும், அதுக்குள்ள அடுத்தவன் கிளம்பணும். அத்தை கேட்டுட்டே இருந்துட்டு "அப்ப இவ எப்பத்தான் படுப்பா?" ன்னாங்க. அந்த வேஷம் போட்ட அம்மாவுக்கு நான் சொன்னதும் அவங்க சிரிக்கல, சரியான கேள்வின்னு மட்டும் சொன்னாங்க.

அந்த வீடு சுரங்க முதலாளியோடது. வேலை இருந்தாதான் வீடு, கரியும் அப்படித்தான் வரும். சுரங்கத்துல புருஷன் செத்துப்போனா அடுத்து வீடும் போயிடலாம். ஒரு வீட்டுல அப்படி புருஷன இழந்தவ எப்படி இருந்திருப்பான்னு வெச்சிருக்காங்க, அங்க கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. ராஜா ராணி கோட்டைக்கெல்லாம் எத்தனையோ போயிருக்கோம், இவ்வளவு கரிசனத்தோட ஒரு கூலிக்காரன் வீட்டு அடுப்படியக் காப்பாத்தி வெச்சத நான் வேற எங்கயும் பாத்ததில்ல. ஃப்ராங்க் அட்கின்சன்ங்கறவர்தான் இந்த மியூசியத்த ஆரம்பிச்சு வெச்சாரு, 1970ல. சுரங்கமும் ஆலையும் மூடிட்டு இருந்த காலத்துல, ஜனங்க எதைக் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லாம வாங்கி வெச்சாராம், கால்மிதில இருந்து ரயில் வரைக்கும். 2025ல ஆர்ட் ஃபண்ட்ங்கற கலை அறக்கட்டளை குடுக்கற வருஷத்தின் சிறந்த மியூசியம் விருது இதுக்குக் கிடைச்சுது, எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அந்த வரிசை வீடுங்களுக்குப் பக்கத்துலயே நிஜ சுரங்கம், ஹெல்மெட் போட்டு குனிஞ்சே போகணும், என் வீட்டுக்காரர் மாதிரி உயரமானவங்களுக்கு முதுகு பிடிச்சுக்கும். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி காலையிலயே போயிடுங்க. சுரங்கத்துல வண்டி இழுத்த மாதிரியான சின்னக் குதிரைங்களும் லாயத்துல இருக்கு. அங்கயே டேவீஸ்னு ஒரு மீன் கடை, கரி அடுப்புல வறுக்கறாங்க, வரிசை நீளம்தான் ஆனா நிக்கலாம். மாட்டுக் கொழுப்புலதான் பொரிக்கறாங்க, சிப்ஸும் அதுலயேதான், சைவமா இருக்கறவங்களும் மாடு சாப்பிடாதவங்களும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. அத்தைக்கு தயிர்சாதம் கட்டிட்டுப் போனது அன்னிக்குதான் உதவுச்சு.

மியூசியம் போகாத நாள்ல காஸி ஆர்ச் போனோம், கார்ல கொஞ்ச தூரம்தான். 1725-26ல கட்டின கல் பாலம், ஸ்டீம் எஞ்சின் ஓடறதுக்கு ரொம்ப காலம் முன்னாடி மரத் தண்டவாளத்துல குதிரைங்க கரி வண்டி இழுத்துட்டுப் போன பாதை, இன்னும் அப்படியே நிக்குது, காசு எதுவும் இல்ல. அப்புறம் கேட்ஸ்ஹெட்ல ஏஞ்சல் ஆஃப் த நார்த், 1998ல வெச்ச இரும்புச் சிலை, உயரம் 20 மீட்டர், ரெக்க 54 மீட்டர். அது நிக்கற இடத்துல முன்னாடி சுரங்கத் தொழிலாளிங்க குளிக்கற கட்டடம் இருந்துச்சாம், அத்தைகிட்ட சொன்னதும் "அது வந்தப்புறம்தான் வீட்டுல இருந்தவளுக்குத் தொட்டி இழுக்கற வேலை போச்சு" ன்னு உடனே சொல்லிட்டாங்க. டர்ஹம் கதீட்ரல் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நல்லாத்தான் இருந்துச்சு.

மழைக்கு நல்ல ஷூ கண்டிப்பா வேணும், மேடும் பள்ளமுமா நிறைய நடக்கணும், பெரியவங்க கூட வந்தா டிராமையும் பஸ்ஸையும் நல்லா உபயோகப்படுத்திக்கங்க. 1950கள் டவுன நாங்க மேலோட்டமாத்தான் பாத்தோம், சினிமா தியேட்டருக்குள்ள போகவே இல்ல. பாஸ் இன்னும் இருக்கு, அடுத்த ஸ்கூல் லீவுக்கு அதே வீட்டக் கேட்டு மெயில் போட்டிருக்கேன்.