நவுறு சாய்த்த கிளப்

எங்கள் வெயார்ஹவுஸில் சண்டை வருவது சம்பளத்துக்காக இல்லை, ஷிஃப்டுக்காகவும் இல்லை. ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் காற்பந்துக்காகத்தான். 2026 மாசி மாதக் கடைசி, தகரக்கூரைக்குக் கீழே இன்னும் வெயில் வேகிற நேரம், காலை ஸ்மோக்கோ, அதாவது தேநீர் இடைவேளை, மேசையில் வரப்போகும் பருவத்தைத் தவிர வேறு கதை கிடையாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற, செயின்ட் கில்டா கிளப்பின் ரசிகன் அன்றைக்கு ஒரு யோசனை சொன்னான். 2028இல் தாஸ்மேனியா புது அணியாக வருகிறது, 19 அணி என்றால் ஒவ்வொரு வாரமும் ஒன்று சும்மா குந்தியிருக்க வேண்டும், பேசாமல் நோர்த் மெல்பேர்னை இன்னொரு கிளப்போடு சேர்த்துவிடலாம் என்றான். பக்கத்திலிருந்த நோர்த்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. கோப்பையையும் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு மைக்ரோவேவுக்குப் பக்கத்து மேசைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் கொண்டுவருகிற பெட்டிகளை அவள் கடைசியாகத்தான் ஸ்கான் பண்ணினாள்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரு சங்கத்தை இரண்டாக்க ஒரு பொதுக்கூட்டம் போதும். இரண்டு சங்கத்தை ஒன்றாக்கியதாக நாங்கள் இருக்கிற மெல்பேர்னின் டண்டினோங்கில் சரித்திரமே இல்லை. ஆனால் எங்கள் சண்டையெல்லாம் தலைவர் பதவிக்கு. இவர்கள் பதவியும் இல்லாமல், பத்துக் காசு வருமானமும் இல்லாமல், வருடாவருடம் காசு கட்டி உறுப்பினராகி, தோற்றுத் தோற்று வந்து திங்கட்கிழமை மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த யோசனை சொன்னவனுடைய கிளப்பைப் பாருங்கள். 1873இல் தொடங்கியது. இதுவரை வென்றது ஒரேயொரு கிண்ணம், 1966இல், அதுவும் ஒரு புள்ளியால். இந்த வருடம் கார்ல்டனிலிருந்து டி கோனிங்கையும் சில்வாக்னியையும் எடுத்துவிட்டார்களாம், ஆகவே கிண்ணம் நிச்சயமாம். நோர்த்காரிக்கு நம்பிக்கை தன் பயிற்சியாளர் கிளார்க்சனில். ஹோத்தோர்னில் நாலு கிண்ணம் எடுத்த மனிசன், எங்களுக்கு ஒன்றாவது எடுக்கமாட்டாரா என்பாள். பிரிஸ்பேன் 2024, 2025 என்று தொடர்ந்து இரண்டு தரம் வென்று நிற்கிறதைப் பற்றி மேசையில் எவரும் வாய் திறப்பதில்லை. நடுவர் பந்தை நிலத்தில் குத்தி எழுப்புகிற பழைய வழக்கத்தை இந்தப் பருவத்தோடு நிறுத்துகிறார்கள் என்ற கவலை வேறு. அதை மட்டும் எல்லாரும் சேர்ந்து திட்டினார்கள்.

வந்த புதிதில் இந்த விளையாட்டு எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. முட்டை வடிவ மைதானம், நாலு கம்பம், பக்கத்துக்கு 18 பேர். நடுக் கம்பங்களுக்கு இடையால் அடித்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் விலத்திப் போனாலும் ஒரு புள்ளி உண்டு. தவறவிட்டவனையும் வெறுங்கையோடு அனுப்பாத விளையாட்டு என்பதால்தான் எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். அப்போது கையில் இருந்தது தற்காலிக விசா. குடிவரவு அலுவலகத்தில் கேள்வி மேல் கேள்வி. வேலையிடத்தில் ஒரேயொரு கேள்விதான், நீ எந்த டீம்?

என் மச்சான் அதற்கு உடனே பதில் சொல்லிவிட்டான். ரிச்மண்ட். கறுப்பும் மஞ்சளும், சின்னம் புலி. எங்கள் பெடியளில் பாதிப்பேர் ஏன் ரிச்மண்ட் என்று நான் விளக்கத் தேவையில்லை. நான்தான் பதில் இல்லாமல் நின்றேன். போன வருடம் வரைக்கும் யார் வெல்வார் என்று ஊகித்து எழுதுகிற டிப்பிங் தாளில் நாணயம் சுண்டித்தான் நிரப்பினேன்.

திருப்பி வருகிற சாமான்களைப் பிரிக்கிற பகுதியில் ஒரு வயதானவர் இருக்கிறார். பென்சனுக்குக் கிட்ட. அன்றைய சண்டைக்குப் பிறகு என்னிடம், தன் கிளப்பைத்தான் கடைசியாகச் சேர்த்தார்கள் என்றார். எந்தக் கிளப் என்று கேட்டேன். ஃபிட்ஸ்ராய்.

பிறகு இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. ஃபிட்ஸ்ராய் 1883இல் பிறந்தது. எட்டுக் கிண்ணம். 1916இல் உலக யுத்தத்தால் நாலே நாலு அணிதான் விளையாடியது, ஃபிட்ஸ்ராய் புள்ளிப் பட்டியலில் கடைசி, ஆனால் நாலு அணியும் இறுதிச் சுற்றுக்குப் போனதால் கிண்ணத்தையும் அதுவே வென்றது. இதைச் சொல்லும்போது மட்டும் மனிசன் பல் தெரியச் சிரித்தார். 1966க்குப் பிறகு பெரிய ஆட்டங்களுக்குச் சொந்த மைதானம் இல்லை. கார்ல்டனின் மைதானத்தில் கொஞ்சக் காலம், செயின்ட் கில்டாப் பக்கம் கொஞ்சக் காலம், கொலிங்வூட்டில் இரண்டு பருவம், திரும்பக் கார்ல்டன், கடைசியில் ஃபுட்ஸ்கிரே. முப்பது வருடம் வாடகைக்கு.

அந்த ஃபுட்ஸ்கிரேயை 1989இல் ஃபிட்ஸ்ராயோடு சேர்ப்பதாக லீக் அறிவித்துவிட்டது. அங்கே சனம் தெருவுக்கு இறங்கியது. தகரப்பேணி குலுக்கி, வீடு வீடாகத் தட்டி, சில வாரங்களில் பத்து லட்சம் டொலருக்கு மேல் சேர்த்தார்கள். ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற சாதாரண ரசிகை ஒருவரின் பெயரில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. கிளப் தப்பியது. 2016இல் கிண்ணமும் எடுத்தது. ஃபிட்ஸ்ராய் மட்டும் கடனோடு தனியாக நின்றது.

1996 வந்தபோது பெரிய கிளப்புகளே சேர்க்கும் பேச்சில் விழுந்தன. மெல்பேர்னும் ஹோத்தோர்னும் சேரப் பார்த்தன. மெல்பேர்ன் உறுப்பினர்கள் ஓம் என்று வாக்குப் போட்டார்கள். ஹோத்தோர்ன் கூட்டத்தில் பழைய அணித்தலைவர் டொன் ஸ்கொட், சேரும் கிளப்பின் புதுச் சட்டையைத் தூக்கிக் காட்டி, அதில் ஒட்டியிருந்த ஹோத்தோர்ன் பருந்தைப் பிய்த்து எறிந்தார். மிஞ்சியது மெல்பேர்ன் சட்டை. சபை இல்லை என்றது. (இதை வேலையிடத்தில் நடித்துக் காட்டாத ஆள் இல்லை. ஃபோர்க்லிஃப்ட்காரன் தன் மஞ்சள் வெஸ்டை வைத்தே செய்வான்.) ஹோத்தோர்ன் அதற்குப் பிறகு நாலு கிண்ணம். மெல்பேர்னும் 2021இல் ஒன்று.

ஃபிட்ஸ்ராய்க்குக் கூட்டம் போட நேரம் கிடைக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் 1996 ஆனிக் கடைசியில் கணக்கை முடித்து நிர்வாகியை இறக்கிவிட்டார்கள். நோர்த் மெல்பேர்னோடு சேரலாம் என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தால் மிதமிஞ்சிப் பலமாகிவிடும் என்று மற்றக் கிளப்புகள் பயந்து பிரிஸ்பேனுக்குத் தள்ளிவிட்டன. எட்டு ஆட்டக்காரர் வடக்கே போனார்கள், மற்றவர்கள் தங்கள் பாட்டைப் பார்த்தார்கள். கடைசி ஆட்டம் புரட்டாதி 1ஆம் திகதி, நாட்டின் மற்ற முனையில், பேர்த்தில். 86 புள்ளியால் தோல்வி.

“கடன் குடுத்தது ஆர்?” என்று கேட்டேன், ஏதோ வங்கி என்று நினைத்து.

நவுறு, என்றார். நவுறு அரசாங்கத்தின் காப்புறுதிக் கூட்டுத்தாபனம். பன்னிரண்டரை லட்சம் டொலர்.

கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அடுத்த படகில் வந்த மச்சானை இந்த நாடு கொண்டுபோய்க் கூடாரத்தில் போட்ட தீவு அது. அன்று இரவு அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அவங்கள் கடன் குடுக்கிற ஆக்களெண்டு தெரிஞ்சிருந்தா நானும் ஒண்டு கேட்டிருப்பனடா” என்றான்.

நான் இங்கே ஊன்றிவிட்டேன் என்றுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வீட்டுக் கடன் இருக்கிறது, மகளுக்கு நெட்போல், எனக்கு முதுகு நோவு. ஆனால் அந்த வாடகை மைதானக் கதை என்னை நேரே யாழ்ப்பாணத்து மல்லாகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. 1990 ஆனியில் எங்கள் ஊரான மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டோம். பிறகு அது ஆமியின் உயர்பாதுகாப்பு வலயம். எங்கள் பள்ளிக்கூடம் மல்லாகத்தில் வேறொரு பள்ளிக்கூடத்தில் பின்னேரப் பள்ளிக்கூடமாக நடந்தது. காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள், ஒரு மணிக்குப் பிறகு நாங்கள். மேசையில் அவர்கள் கொம்பாசால் கிழித்த பெயர்கள், கரும்பலகையில் அவர்கள் அழிக்காத கணக்கு. தண்ணீர்ப் பானையைக்கூடத் தொட விடமாட்டார்கள். எங்கள் வாத்தியார் மட்டும் தினமும் மயிலிட்டிப் பெயர் போட்ட பலகையை வாசலில் சாத்திவைத்து, மாலையில் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார்.

ஒருநாள் ஒரு கல்வி அதிகாரி வந்தார். பிள்ளைகள் தொகை குறைந்துவிட்டது, இந்தப் பள்ளிக்கூடத்தோடேயே சேர்ந்துவிடலாமே, கட்டடம் இருக்கிறது, வாங்கு இருக்கிறது, உங்களுக்கென்ன நட்டம் என்று கேட்டார். பேச்சு முழுக்க நியாயம்தான். பெற்றார் கூட்டத்தில் பெரியப்பா எழும்பினார். மயிலிட்டிக் கடலில் வலை இழுத்த கை அது. “ஐயா, காணியை ஆமி வைச்சிருக்கு. பேரை எங்களிட்டை விட்டிட்டுப் போங்கோ” என்றார். அதிகாரி ஃபைலை மூடினார்.

பெயர் மிஞ்சியது. எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் வரியாகச் சேர்த்த காசில் சட்டை தைத்து அயலூர்ச் சுற்றுப்போட்டிகளுக்குப் போனது. ஒலிபெருக்கியில் அடுத்து மைதானத்துக்கு வருவது மயிலிட்டி என்று சொல்லும்போது, முகாமில் பிறந்து மயிலிட்டியைக் கண்ணால் காணாத பிள்ளைகள்தான் கூடச் சத்தம் போடுவார்கள். நாங்கள் பெரும்பாலும் தோற்றோம். பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு விளையாடிய பின்வரிசைக்காரர் ஒருவர், அரையிறுதியில் தன் கோலுக்கே அடித்ததைப் பற்றி இன்றைக்கும் கனடாவில் பேசுகிறார்கள்.

2017 ஆடியில் துறைமுகத்தையும் ஒரு துண்டுக் காணியையும் விட்டார்கள். அம்மா போய்ப் பார்த்துவிட்டு ஃபோன் எடுத்தா. ஆளுயரப் பற்றையாம், மைதானம் எது, கோயில் காணி எது என்று எல்லை தெரியவில்லையாம். துப்புரவாக்கக் காசு அனுப்பச் சொன்னா. அனுப்பினேன். இன்னும் அனுப்புகிறேன். அந்தப் பற்றை வெட்ட வெட்ட வளர்கிறது என்பது அம்மாவின் கணக்கு.

ஆகவே சேர்த்துவிடலாமே என்று மேசையில் எவராவது நல்ல நியாயத்தோடு பேசத் தொடங்கினால் எனக்கு இப்போது நோர்த்காரிக்கு முன்னமே முகம் மாறிவிடுகிறது. நோர்த்தை 2007இல் கோல்ட் கோஸ்டுக்குப் போகச் சொன்னார்கள், காசும் காட்டினார்கள், அவர்கள் போகவில்லை. இதை இப்போது அவளைவிட நான்தான் சத்தமாகச் சொல்லுகிறேன். ஃபோர்க்லிஃப்ட்காரன், இவனுக்கு என்ன வந்தது என்று பார்க்கிறான்.

ஃபிட்ஸ்ராய்க் கதையில் வயதானவர் கடைசிக்கு வைத்திருந்த துண்டு இது. கிளப்பின் பெயர் சாகவில்லை. கடன் தீர்ந்து, நிர்வாகியும் போய், 2009இலிருந்து அமெச்சூர் லீக்கில் பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் மைதானத்தில் ஃபிட்ஸ்ராய் ஆடுகிறது, தன் சொந்தப் பழைய மைதானத்தில். பிரிஸ்பேன் வென்ற கிண்ணங்களை ஃபிட்ஸ்ராயின் கணக்கில் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். சில நண்பர்கள் சேர்க்கிறார்களாம். சிலர் வேறு கிளப்புக்குப் போனார்கள். இவர் பல வருடம் மீன் பிடிக்கப் போனார். 2010இல் பிரிஸ்பேன் ஃபிட்ஸ்ராயின் சிங்கத்தை மாற்றி ஐஸ்கிறீம் விளம்பரச் சிங்கம் மாதிரி ஒன்றைச் சட்டையில் போட்டபோது, மீன்பிடியை நிறுத்திவிட்டு வந்து திட்டினாராம். பழைய சிங்கம் பிறகு திரும்பி வந்தது.

சித்திரை முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை மச்சானையும் இழுத்துக்கொண்டு பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். டண்டினோங்கிலிருந்து ரயில், பிறகு ட்ராம். வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு வந்தான். மரத்தாலான பழைய மண்டபம், புல்லில் நாய்களோடு குடும்பங்கள், ஒருவர் பிளாஸ்டிக் வாளியில் சொசேஜ் காசு வாங்குகிறார். நான் அங்கேயே ஒரு சட்டை வாங்கிப் போட்டேன். சிவப்பு, நீலம், தங்க மஞ்சள், நடுவில் சிங்கம். மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“சிங்கமோடா? இந்தச் சிங்கத்தைப் போடவோ நீ படகேறினனி?”

அவனுக்குத் தலையில் ரிச்மண்டின் புலித் தொப்பி. எங்களை வரவேற்க வந்த வயதானவர் அதைப் பார்த்துவிட்டார். ஃபிட்ஸ்ராய் மெல்பேர்னில் ஆடிய கடைசி ஆட்டம் ரிச்மண்டோடுதான், 1996 ஆவணியில், எம்சிஜி மைதானத்தில். மச்சான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஃபோனில் தேடிப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான். எங்கட புலி உங்கட சிங்கத்தை 151 புள்ளியால் அடித்தது என்று கிழவருக்கு ஆங்கிலத்தில் அறிவித்தான். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவர் சாவகாசமாகத் தன் மீட்-பை என்கிற இறைச்சிப் பேஸ்ட்ரியில் சோஸ் ஊற்றினார். 1944இல் நாங்கள் கடைசிக் கிண்ணம் எடுத்தோமே, இறுதி ஆட்டத்தில் யாரை வென்றோம் தெரியுமா, என்று கேட்டார். மச்சான் ஃபோனை எடுத்தான். கொஞ்ச நேரம் தட்டினான். ரிச்மண்ட், 15 புள்ளியால்.

“அது யுத்த காலம்” என்றான் மச்சான் தமிழில், என்னிடம். “யுத்த காலத்துக் கணக்கு செல்லாதெண்டு அவருக்குச் சொல்லு.”

நான் மொழிபெயர்க்க மறுத்துவிட்டேன். ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதி தொடங்கியது. அவன் தானே எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் குந்தி, 1944ஐப் பற்றி விடாமல் வாதாடத் தொடங்கினான்.