அப்புறம் பாத்துக்கலாம்

"முதல்ல சொல்லு, அப்புறம் பாத்துக்கலாம்." நாலே வார்த்தை. சொல்லி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. பல் துலக்கும்போதுகூட திடீரென்று ஞாபகத்துக்கு வந்து நிற்கிறது.

பெண் பிள்ளைகள் குழு ஒன்றுக்கு நான் வழிகாட்டி. அதில் ஒருத்தி என்னிடம் தனியாக வந்து கேட்டது இது: "அக்கா, ஒண்ணு சொல்வேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" இதற்கு இரண்டே பதில்தான் உண்டு. சொல்ல மாட்டேன். அல்லது, அப்படி வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. நான் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவள் காதில் அது சம்மதமாக விழுந்தது. அப்படி விழட்டும் என்றுதான் சொன்னேனோ? அதுதான் குடைகிறது.

பயிற்சியின் முதல் நாளே சொல்லிக் கொடுத்த விஷயம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலை, மற்றவருக்கு ஆபத்து, யாரோ அவளைத் துன்புறுத்துவது அல்லது ஏய்ப்பது: இதில் எது வந்தாலும் ரகசியம் கிடையாது, அன்றைக்கே பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். முக்கியமாக, பிள்ளை வாய் திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். பேசி முடித்த பிறகு சொல்வது, எலி உள்ளே போன பிறகு இது பொறி என்று அறிவிக்கிற மாதிரி. நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. குழு தொடங்கிய முதல் வாரம் எல்லோருக்கும் பொதுவாக இதைச் சொன்னேன். 14 பெண்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு 8 மாதம் கழித்துத்தான் அவள் தனியாக வந்து நின்றாள். சொன்னேன் என்று படிவத்தில் டிக் போடலாம். அவள் கேட்டாளா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் பழக்கமான ஒரு பெண் வேறு ஊரில் வேலை வாங்கித் தருகிறாள். தங்க இடமும் உண்டாம். வியாழக்கிழமை கிளம்ப வேண்டும், வீட்டில் சொல்லக் கூடாது. அவளுக்கு அப்போது 16 முடியவில்லை. வீட்டில் படிப்பை நிறுத்தச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். இரவில் நடக்கும் சண்டைகளைப் பற்றி முன்பே அரைகுறையாகச் சொல்லியிருக்கிறாள். முகத்தில் பயமே இல்லை. அவ்வளவு மாதங்களில் அவளை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

"என்ன வேலை? சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேட்டேன்க்கா. நீ முதல்ல வா, அப்புறம் பாத்துக்கலாம்னாங்க."

அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ராத்திரி படிவம் நிரப்பும்போதுதான் உறைத்தது. 'சந்தேகத்துக்குரிய அறிகுறிகள்' என்ற கட்டத்தில், விவரம் கேட்டால் அந்தப் பெண் நேரடியாகப் பதில் சொல்வதில்லை, நழுவுகிறாள் என்று எழுதினேன். எழுதிய வரியைத் திரும்பப் படித்தேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லிவிட்டு பொறுப்பாளரிடம் போயிருக்கலாமே என்று கேட்பார்கள். கேட்டார்கள். சொன்னால் வியாழன் வரை காத்திருக்காமல் அன்றிரவே கிளம்பிவிடுவாள் என்று பயந்தேன். இது நியாயமான பயம்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவள் முகம் மாறுவதை எதிரே உட்கார்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் உண்மை. இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பயிற்சி அறைச் சுவரில் 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலிருந்து இரண்டு பிரிவுகளை ஒட்டி வைத்திருந்தோம். பிரிவு 3, குழந்தையின் நலனுக்கு முதன்மையான கவனம் தர வேண்டும் என்கிறது. பிரிவு 12, தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தை சொல்வதற்குக் காது கொடுத்து, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது. அருகருகே, ஒரே அளவுத் தாளில், அழகாக இருக்கும். அந்தச் சாயங்காலம் நான் மூன்றை எடுத்துக்கொண்டு பன்னிரண்டைச் சுவரிலேயே விட்டுவிட்டேன்.

சட்டம் என் பக்கம்தான். 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. ஆள்கடத்தல் நெறிமுறைப்படி, 18 வயதுக்குக் கீழே இருப்பவரைச் சுரண்டும் நோக்கத்தோடு ஆள் சேர்த்தாலே அது கடத்தல்தான். மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவளே விரும்பித்தான் போனாள் என்ற பேச்சும் எடுபடாது. பொறுப்பாளர் இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார். ஆனால் அந்தச் சுரண்டும் நோக்கம் இருந்ததா என்பது கடைசி வரை தெரியவில்லை. விசாரிக்கப் போனபோது அந்த எண் அணைந்திருந்தது. அணைந்த எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வருவது? குற்றவாளியும் அணைப்பாள், அதிகாரிகளைக் கண்டு மிரண்ட சாதாரணப் பெண்ணும் அணைப்பாள்.

வீட்டுக்கு விஷயம் போனது. அவள் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், குழுவுக்கு வருவதையும் நிறுத்தினார்கள். பாதியில் நின்ற பள்ளிப் படிப்பைத் தொடர வைக்க எங்கள் ஆட்கள் நடையாய் நடந்தது தனிக் கதை. தொடர்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் பேசவில்லை. ஒரே ஒருமுறை, தோழி மூலமாக ஒரு வாக்கியம் வந்து சேர்ந்தது: "அந்த அக்காவும் நீங்களும் ஒரே மாதிரிதான் பேசினீங்க."

அதன் பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தூக்கம் வராதவர்கள் எதையாவது படிப்பார்கள் இல்லையா, அப்படி. அமெரிக்காவில் கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, வழிகாட்டியோடு ஓராண்டுக்கு மேல் நீடித்த பிள்ளைகளுக்கு நல்ல பலன் இருந்ததையும், 3 மாதத்துக்குள் உறவு முறிந்தவர்களுக்குத் தன்மதிப்பு குறைந்ததையும் காட்டியது. எங்களுடையது 8 மாதம். அந்தக் கணக்கில் நான் எங்கே நிற்கிறேன் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன், வெட்கமில்லாமல்.

இன்னொன்று இதைவிடப் பழையது. மாசசூசெட்ஸில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வு. 506 பையன்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர்களை வைத்து ஆண்டுக்கணக்கில் உதவினார்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்டு என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் போனார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அதனால் நன்மை கிடைத்தது என்றுதான் சொன்னார்கள். ஆனால் குடி, மனநோய், இள வயதுச் சாவு என்று பல விஷயங்களில், உதவி பெறாதவர்களைவிட அவர்கள் நிலை மோசமாக இருந்தது. 1978-இல் அவர் இதை எழுதினார்.

நன்மை என்று சொன்னவர்கள் வாழ்க்கை கெட்டுப் போயிருக்கலாம் என்றால், நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்கிறவளின் வாழ்க்கை நன்றாகவும் ஆகியிருக்கலாமே? இப்படி ஒரு தர்க்கம் எனக்குள் ஓடும். ரொம்ப வசதியான தர்க்கம். அதனாலேயே அதை நம்ப மனம் வருவதில்லை.

சில நாள் எனக்கே கோபம் வரும். நான் வாக்கே கொடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை, ஒரு பிள்ளை முன்பின் தெரியாத ஊருக்குப் போவதைத் தடுத்தேன், வேறென்ன செய்திருக்க வேண்டும்? மறுபடி அதே நிலை வந்தால் மறுபடியும் பொறுப்பாளரிடம்தான் போவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாலு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொல்லாமல் இருந்தால் அவள் மீதியைச் சொல்லியிருப்பாளா?

இப்போது புதிய குழு. யார் தனியாக வந்தாலும், "இன்ன விஷயமா இருந்தா நான் பெரியவங்ககிட்ட சொல்லியாகணும், அது தெரிஞ்சுக்கிட்டு சொல்லும்மா" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு பெண் வந்தாள். துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டே நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள்.

"அப்போ ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

அடுத்த வாரம் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். நானும் கேட்கவில்லை.